ராத்திரி ஷிப்ட் இலைகள் - காற்று சோறாகும் கதை



காவலூர் என்றால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது தொலைநோக்கிதான். ஜவ்வாது மலையில், ஆலங்காயம் பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர். 1968-ல் வைணு பாப்பு இங்கே 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்து வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். 1972-ல் வியாழனின் துணைக்கோளான கானிமீடுக்கு வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கான தடயம் இங்கிருந்து கிடைத்தது. 1986-ல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது. ஊரெல்லாம் தூங்கும்போது இங்கே வேலை ஆரம்பிக்கும்.

ஆனால் இந்த மலையில் ராத்திரி வேலை பார்ப்பவர்கள் விஞ்ஞானிகள் மட்டும் இல்லை. வேலியோரக் கற்றாழை, பாறை இடுக்கிலிருக்கும் கள்ளி, துவையலுக்குப் பறிக்கிற பிரண்டை, வீட்டு வாசலில் தானாக முளைத்து நிற்கிற ரணகள்ளி எல்லாமே ராத்திரி ஷிப்ட்தான். "பகலில் செடி கரியமில வாயுவை எடுக்கும், இரவில் வெளியே விடும்" என்று பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். இந்தச் செடிகள் அதை அப்படியே தலைகீழாகச் செய்கின்றன. இதை ஆரம்பக் காலத்திலேயே கவனித்து எழுதி வைத்தவர்களில் ஒருவர், நம் தரங்கம்பாடி வழியாக இந்தியாவுக்கு வந்த ஒரு மனிதர். அதுவும் எந்தக் கருவியும் இல்லாமல், நாக்கை மட்டும் வைத்துக்கொண்டு!

காமர்ஸ் படிப்பவனுக்கு இலையோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கு இது முழுக்க முழுக்கக் கணக்குப் பிரச்சினையாகத்தான் தெரிகிறது :-) ஒரு மரம் வளர்கிறது. அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது? வரவு எங்கே, செலவு எங்கே? இந்தக் கணக்கை முடிக்க மனிதர்களுக்கு 300 வருஷத்துக்கு மேல் ஆனது.

தொட்டியில் நட்ட கணக்கு

முதல் கணக்காளர் வான் ஹெல்மான்ட். இப்போதைய பெல்ஜியத்துக்காரர். 200 பவுண்டு காய்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டார். ஐந்து வருஷம் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். கடைசியில் மரத்தை எடை போட்டால் 169 பவுண்டுக்கு மேல் இருந்தது. மண்ணை மறுபடி காயவைத்து எடை போட்டால் சில அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. "அப்படியென்றால் மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்துதான் வந்தது" என்று முடிவு கட்டிவிட்டார். அவர் இறந்த பிறகு 1648-ல் இது அச்சில் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. 'காஸ்' என்ற வார்த்தையை உலகத்துக்குக் கொடுத்தவரே இந்த ஹெல்மான்ட்தான். கரி எரியும்போது வருகிற வாயுவை, அதாவது நம்முடைய கரியமில வாயுவையே, அவர் தனியாக அடையாளம் கண்டிருந்தார். கையில் வவுச்சர் இருந்தும் அதைக் கணக்கில் ஏற்றவில்லை!

அதற்குப் பிறகு கதை வேகம் எடுக்கிறது. 1750-களில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக், சுண்ணாம்புக் கல்லுக்குள் ஒரு வாயு கட்டுண்டு கிடப்பதைக் காட்டினார். 1771-ல் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி சரிசெய்வதைப் பார்த்தார். 1779-ல் இங்கன்ஹவுஸ் ஒரு பெரிய முடிச்சை அவிழ்த்தார். வெளிச்சம் இருந்தால்தான் செடி காற்றைச் சரிசெய்கிறது, அதுவும் பச்சையான பாகங்கள் மட்டும்தான் செய்கின்றன. இருட்டில் செடியும் நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கிறது. நம் பாடப்புத்தக வாக்கியத்துக்கு இதுதான் பிறப்பிடம். 1782-ல் ஜெனீவாவின் செனபியே, இதற்குக் கரியமில வாயு தேவை என்றார். 1804-ல் அதே ஊர் டி சொசூர் தராசோடு உட்கார்ந்து, செடியின் எடையில் கரியமில வாயுவுக்கும் தண்ணீருக்கும் பங்கு உண்டு என்று நிரூபித்தார்.

பேரேடு கிட்டத்தட்ட டேலி ஆகிவிட்டது. பகலில் வரவு, இரவில் செலவு. இந்த நேரத்தில்தான் இந்தியாவிலிருந்து ஒரு இலை வந்து கணக்கைக் குழப்பியது.

தரங்கம்பாடியிலிருந்து வந்த புளிப்பு

தரங்கம்பாடி அப்போது டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. அங்கே வந்த பாதிரியார்கள் பலருக்கு வேதத்தோடு செடி கொடிகள் மேலும் பைத்தியம். லின்னேயஸிடம் படித்த கோனிக் 1768-ல் அங்கே வந்து சேர்ந்தார். அவரால் தூண்டப்பட்டவர்கள் ஊர் ஊராகச் சுற்றிச் செடிகளைச் சேர்த்து, காயவைத்து, ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் பிற்பாடு தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்த ராட்லர்.

மொரேவிய சபையைச் சேர்ந்த பெஞ்சமின் ஹெய்னே என்ற ஜெர்மானியர், 1790-களின் தொடக்கத்தில் இந்த வட்டத்துக்குள் வந்தார். 1770-ல் பிறந்தவர், அப்போது நம்மைவிடச் சில வயதுதான் பெரியவர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராகச் சேர்ந்து, ஆந்திராவின் சாமல்கோட்டிலும் மைசூர்ப் பக்கத்திலும் மெட்ராஸிலும் வேலை பார்த்தார். 1819-ல் மெட்ராஸிலேயே இறந்துபோனார். அவர் சேகரித்த செடிகளை வைத்து ரோத் என்ற ஜெர்மானியர் 1821-ல் ஒரு புத்தகமே போட்டார். இன்றைக்கும் சில தென்னிந்தியத் தாவரங்களின் பெயரில் 'ஹெய்னியானா' என்ற வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1813-ல் ஹெய்னே, லண்டனில் இருந்த லாம்பர்ட் என்ற தாவரவியலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். சின்னக் கடிதம்தான். லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1815-ல் அச்சானபோது மூன்று பக்கம்கூடத் தாண்டவில்லை. விஷயம் இதுதான். ஒரு குறிப்பிட்ட செடியின் இலையை விடிகாலையில் மென்று பார்த்தால் கடும் புளிப்பு. வெயில் ஏற ஏறப் புளிப்பு குறைகிறது. மதியம் ஒரு சுவையும் இல்லை. சாயங்காலம் லேசான கசப்பு.

அந்தச் செடி எது தெரியுமா? நம் ரணகள்ளி! இலையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால்கூட ஓரத்தில் குட்டிக் குட்டியாகச் செடி முளைக்குமே, அதனால் 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்று சொல்வார்களே, அதேதான். பூர்வீகம் மடகாஸ்கர் என்றாலும் இப்போது நம் ஊர்க்காரியாகிவிட்டது.

ஹெய்னே கவனித்தது சரி. அவருடைய விளக்கம் பாதிதான் சரி. அந்தக் காலத்தில் புளிப்புக்குக் காரணம் ஆக்சிஜன் என்று நம்பினார்கள் (ஆக்சிஜன் என்ற பெயருக்கே 'அமிலத்தை உண்டாக்குவது' என்றுதான் அர்த்தம்). அதனால் வெளிச்சத்தில் இலை ஆக்சிஜனை இழக்கிறது, அதனால் புளிப்பு போகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். கடிதத்தின் தலைப்பிலேயே அது தெரிகிறது. இரவில் இலைக்குள் ஏதோ ஏறுகிறது, பகலில் அது தீர்ந்துபோகிறது என்பது வரைக்கும் சரியாகப் பிடித்துவிட்டார். அந்த 'ஏதோ' கரியமில வாயு என்று தெரிய இன்னும் 130 வருஷம் ஆனது.

இத்தனைக்கும் தடயம் இல்லாமல் இல்லை. 1804-லேயே டி சொசூர், சப்பாத்திக்கள்ளித் துண்டுகள் இருட்டில் வாயுவை உறிஞ்சுவதைக் குறித்து வைத்திருந்தார். ஆனால் 'இரவில் செலவு மட்டும்தான்' என்ற விதி ஊறிப்போயிருந்ததால், இதெல்லாம் கள்ளிகளின் கோணங்கித்தனம் என்று ஓரமாகவே கிடந்தது.

வெளிச்சமே வேண்டாம் என்ற பூச்சிகள்

விதியை உடைத்த இன்னொரு கூட்டம் மண்ணுக்குள் இருந்தது. ரஷ்யப் பேரரசில் பிறந்த வினோகிராட்ஸ்கி, 1880-களின் கடைசியில் கந்தகத்தைத் தின்று வாழும் பாக்டீரியாவை ஆராய்ந்தார். 1890 வாக்கில், மண்ணிலுள்ள அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியாக்களைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். அவற்றுக்குச் சர்க்கரையோ வேறு கரிமச் சாப்பாடோ எதுவும் கொடுக்கவில்லை. இருந்தும் வளர்ந்தன. அம்மோனியாவை ஆக்சிஜனேற்றம் செய்வதில் கிடைக்கும் ஆற்றலை வைத்து, கரியமில வாயுவிலிருந்து உடம்பைக் கட்டிக்கொண்டன.

யோசித்துப் பாருங்கள். பச்சையம் இல்லை, சூரியன் இல்லை, ஆனாலும் காற்று உணவாகிறது. காவலூர்ப் பக்கம் சாமை விதைக்கிற நிலத்துக்கு அடியிலும் இந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. 1977-ல் பசிபிக் கடலடியில், கலபாகோஸ் பக்கம், வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்க்கூட்டங்கள் இருப்பது தெரியவந்தபோது, அவற்றுக்கும் இப்படிப்பட்ட பாக்டீரியாக்கள்தான் சமையல்காரர்கள் என்று புரிந்தது. கடலின் மேல்பரப்பில் மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத பாசிகளையும் நீலப்பச்சை பாக்டீரியாக்களையும் சேர்த்தால், உலகத்தில் வருஷா வருஷம் நடக்கிற இந்தக் கார்பன் வரவில் ஏறத்தாழ பாதி கடல் கணக்கு. 'காடுதான் எல்லாம்' என்று நினைக்கிறவர்கள் கவனிக்கவும்.

கார்பனுக்கு அடையாள அட்டை

சரி, வாயு உள்ளே போகிறது, சர்க்கரை வெளியே வருகிறது. நடுவில் என்ன நடக்கிறது? இதைத் தெரிந்துகொள்ள, உள்ளே போகிற கார்பன் அணுவின் மேல் ஒரு முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். அந்த முத்திரைதான் கார்பன்-14. 1940 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மார்ட்டின் காமன், சாம் ரூபன் இருவரும் அதைக் கண்டுபிடித்தார்கள். ரூபனுக்கு முழு ஆசையும் ஒளிச்சேர்க்கையின் மேல்தான். ஆனால் 1943-ல், போர்க்கால ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தபோது பாஸ்ஜீன் விஷவாயு தாக்கி இறந்துவிட்டார். வயது 29.

போர் முடிந்த பிறகு அதே பெர்க்லியில் மெல்வின் கால்வின், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாஷம் குழு வேலையைத் தொடர்ந்தது. குளோரெல்லா என்ற பாசியைத் தட்டையான கண்ணாடிக் குடுவையில் வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். முத்திரை குத்திய கரியமில வாயுவைச் செலுத்துவார்கள். சில விநாடிகளில் பாசியைச் சூடான ஆல்கஹாலில் கொட்டிக் கொன்றுவிடுவார்கள். பிறகு காகிதத்தில் சாற்றைப் பரவவிட்டு, எக்ஸ்ரே பிலிமை மேலே வைத்தால், முத்திரை எங்கே இருக்கிறதோ அங்கே கருப்புப் புள்ளி. நேரத்தைக் குறைத்துக்கொண்டே போனபோது கடைசியில் முதன்மையாக நின்ற புள்ளி, 3 கார்பன் உள்ள பாஸ்போகிளிசரிக் அமிலம். 5 கார்பன் சர்க்கரை ஒன்று ஒரு கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு 3-கார்பன் துண்டுகளாக உடைகிறது. அதில் கொஞ்சம் சர்க்கரையாகிறது, மீதி மறுபடி 5-கார்பன் ஆளாக மாறி வாசலில் வந்து நிற்கிறது. ஒரு சுழற்சி. 1950-களின் நடுவில் முழுப் படமும் கிடைத்தது.

1961-ல் இதற்கு வேதியியல் நோபல் பரிசு கால்வினுக்கு மட்டும் போனது. பென்சனுக்கு இல்லை. இன்றைக்குப் பலர் இதைக் கால்வின்-பென்சன் சுழற்சி என்று சொல்வது ஒரு தாமதமான பிராயச்சித்தம்.

இந்தச் சுழற்சியின் வாசலில் நிற்கிற நொதியின் பெயர் ரூபிஸ்கோ. சோம்பேறி என்றால் அப்படி ஒரு சோம்பேறி! விநாடிக்குச் சுமார் 3 மூலக்கூறுகளைத்தான் கையாளும். அதிலும் சில சமயம் கரியமில வாயு என்று நினைத்து ஆக்சிஜனைப் பிடித்துவிடும், அதைச் சரிசெய்ய ஏற்கெனவே சம்பாதித்த கார்பனில் ஒரு பங்கு வீணாகும். வெயில் ஏறினால் இந்தத் தவறு இன்னும் கூடும். தொழிலாளி மந்தமாக இருந்தால் முதலாளி என்ன செய்வார்? ஆளைக் கூட்டுவார். செடியும் அதைத்தான் செய்கிறது. பூமியில் மிக அதிகமாக இருக்கிற புரதங்களில் ஒன்று ரூபிஸ்கோ.

சர்க்கரைக் கம்பெனியும் சாமையும்

நெல், பலா, புளி, சந்தனம் எல்லாம் இப்படி 3-கார்பன் வழியில் வேலை செய்பவை. எல்லாச் செடிக்கும் இதுதான் முதல் வாசல் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, கரும்பு வேறு கதை சொன்னது. ஹவாயில் கரும்பு முதலாளிகள் சங்கத்தின் ஆய்வகத்தில், முத்திரைக் கார்பன் முதலில் 4-கார்பன் அமிலத்தில் போய் உட்காருவதைப் பார்த்தார்கள். சோவியத் யூனியனில் கார்பிலோவ் மக்காச்சோளத்தில் இதையே பார்த்திருந்தார். ஹவாய்க்காரர்களின் கட்டுரை 1965-ல் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், ஒரு சர்க்கரைக் கம்பெனியின் ஆய்வகத்திலேயே வேலை பார்த்த ஹாட்ச், ஸ்லாக் இருவரும் 1966-லிருந்து முழு வழியையும் வெளிக்கொண்டு வந்தார்கள். லாபத்துக்காக நடத்துகிற ஆய்வகத்திலிருந்து அடிப்படை விஞ்ஞானம் வந்திருக்கிறது, காமர்ஸ்காரர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் :-)

சி-4 என்கிற இந்த வழியில், இலையின் வெளி அறையில் வேறொரு சுறுசுறுப்பான நொதி கரியமில வாயுவைப் பிடித்து, 4-கார்பன் அமிலமாக்கி, உள்ளறையில் இருக்கிற ரூபிஸ்கோவிடம் கொட்டுகிறது. உள்ளே கரியமில வாயு கும்பலாக இருப்பதால் ரூபிஸ்கோ தப்புச் செய்வது குறைகிறது.

இதில் நம் மலைக்கு என்ன சம்பந்தம்? ஜவ்வாது மலையின் சாமை சி-4. கேழ்வரகும் சி-4. பாத்திகட்டித் தண்ணீர் பாய்ச்ச முடியாத சரிவில், வானம் பார்த்த பூமியில், மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையாக எதை விதைத்தார்கள் என்று பாருங்கள். ஒரு கிராம் கரியமில வாயுவைப் பிடிக்க நெல் மாதிரியான செடி 400 முதல் 500 கிராம் தண்ணீரை ஆவியாக இழக்கும். சி-4 செடிக்கு 250 முதல் 300 கிராம் போதும். பிரிஸ்பேன் ஆய்வகம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்தச் சரிவுகளில் அந்தத் தேர்வு நடந்து முடிந்துவிட்டது. நெல்லையே சி-4 ஆக மாற்ற முடியுமா என்று பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் முன்னின்று 2008-ல் ஒரு பெரிய திட்டம் ஆரம்பித்தது. அது எவ்வளவு கடினமான வேலை என்று உலகம் பார்த்துவிட்டது.

மறுபடியும் ரணகள்ளி

இப்போது ஹெய்னேயின் புளிப்புக்கு வருவோம். 1940-களில் இங்கிலாந்தின் நியூகாசிலில் மெய்ரியன் தாமஸ், இந்த இரவுப் புளிப்பைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார். ரணகள்ளி சேர்ந்த கிராசுலேசியே குடும்பத்தின் பெயராலேயே அதற்கு 'கிராசுலேசிய அமில வளர்சிதை மாற்றம்' என்று பெயர் நிலைத்தது, சுருக்கமாக சி.ஏ.எம். 1948-ல் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் பானரின் குழு, ரணகள்ளி இலை இருட்டில் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொள்வதைக் காட்டியது. ஆம், அதே செடி.

இது எப்படி நடக்கிறது என்று புரிய கோயம்பேடு மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி லாரி வந்து சரக்கு இறங்கும், பகலில் ஊர் சாப்பிடும். வறண்ட இடத்துச் செடி பகலில் இலைத்துளையைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிச் செத்துப்போகும். அதனால் ராத்திரி குளிர்ச்சியில் கதவைத் திறந்து கரியமில வாயுவைக் கொள்முதல் செய்கிறது. மாலிக் அமிலமாக மாற்றி, செல்லுக்குள் இருக்கிற கிடங்கில் அடைக்கிறது. அதுதான் விடியற்காலைப் புளிப்பு. விடிந்ததும் கதவைப் பூட்டிவிட்டு, அமிலத்திலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, வெயிலை வைத்து உள்ளேயே சர்க்கரை செய்கிறது. மதியத்துக்குள் கிடங்கு காலி, அதனால் புளிப்பும் காலி. கிராமுக்கு 50 முதல் 100 கிராம் தண்ணீரோடு வேலை முடிந்துவிடுகிறது. மேலே சொன்ன நெல் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

ஹெய்னேக்கு முன்னால் இந்த இலையை யாரும் வாயில் போட்டதில்லையா? காலையில் புளிக்கிறது என்று எத்தனையோ பேருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் வவுச்சர் இல்லாத வரவைக் கணக்கில் ஏற்ற முடியாது. ஹெய்னே மூன்று வேளையும் மென்று பார்த்து, வித்தியாசத்தை எழுதி, அதை இன்னொருவருக்கு அனுப்பினார். அது அச்சில் இருந்ததால்தான் 130 வருஷம் கழித்தும் ஒருவர் எடுத்துப் படிக்க முடிந்தது. அவருக்குக் காரணம் தெரியாது. தெரியாமலேயே எழுதி வைத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். சாமை விதைத்த மலைக்காரர்களுக்கும் இப்படிப்பட்ட எத்தனையோ கவனிப்புகள் இருக்கும், அவற்றை யார் எழுதி வைத்தார்கள்?

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், இன்றைக்குக் கார்பன் கணக்கு பாடப்புத்தக விஷயம் மட்டும் இல்லை, பணம். காற்றில் கரியமில வாயு தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 'இத்தனை மரம் நட்டோம், இத்தனை டன் கார்பன் பிடித்தோம்' என்று கிரெடிட் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். நம் வகுப்பில் பாதிப் பேர் நாளை இந்தக் கணக்கைத் தணிக்கை செய்கிற வேலைக்குத்தான் போகப்போகிறோம். செடி பிடிக்கிற கார்பனில் ஏறத்தாழ பாதியைத் தன் சுவாசத்துக்கே செலவழிக்கிறது. மீதியும் மரம் வெட்டி எரிக்கப்பட்டால் காற்றுக்கே திரும்பிப் போய்விடும். வரவு மட்டும் காட்டிச் செலவை மறைக்கிற பேரேட்டைப் பார்த்தால் நமக்கு உடனே மூக்கில் வியர்க்க வேண்டும். பகலை மட்டும் எழுதி ராத்திரியை விட்டுவிட்ட கணக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விஞ்ஞானிகளையே ஏமாற்றியிருக்கிறது.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். மென்று பார்க்கத் தேவையில்லை (ரணகள்ளி ஆடு மாடுகளுக்கு நஞ்சு, நமக்கும் விஷப்பரீட்சை வேண்டாம்). காலை 6 மணிக்கு ஒரு இலையைக் கசக்கி, கல்லூரி லேபில் கிடைக்கிற பி.எச். தாளில் தேய்த்துப் பாருங்கள். சாயங்காலம் 5 மணிக்கு அதே செடியின் இன்னொரு இலையை அப்படியே செய்யுங்கள். இரண்டு நிறத்தையும் தேதியோடு, நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் சந்திப்போம்.